மணக்காத கிடாரம்

தம்பி, நீ பஸ் நிலையத்தில் வைத்துச் சொல்லி அனுப்பியதை அப்பா வந்து சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றுகிற சாட்டில் குனிந்தபடியே சொல்லி முடித்தார். திங்கட்கிழமை நீ திருகோணமலையில் உத்தியோகம் ஏற்கிறாய். கள்ளச்சாராயம், கசிப்புக் காய்ச்சுகிறவர்களைப் பிடிக்கிற உத்தியோகம். அதற்கு முன்னர் எங்கள் பின்வளவில் நான் நொச்சி எண்ணெய் வடிக்கிற கிடாரத்தையும் செம்புக் குழாயையும் கழற்றி, யார் கண்ணிலும் படாமல் அப்புறப்படுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால், கசிப்புப் பிடிக்க வந்தவனின் தாயே கிடாரம் வைத்து வடிக்கிறாள் என்று கப்பல்துறை ஊர் முழுக்கச் சிரிக்கும் என்றாயாம். அப்பாவும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். "அவன் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்குத்தானே" என்று குசினி வாசலில் நின்று இழுத்தார். நான் அகப்பையோடு திரும்பினேன். மனிதர் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

இதை உன் முகத்துக்கு நேரே சொல்லலாம். ஆனால் நீயும் என்னைப் போல முன்கோபக்காரன். நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் நீ குறுக்கே வருவாய், நான் சத்தம் போடுவேன், நீ சாப்பிடாமல் எழும்பிப் போவாய். கடிதமென்றால் இடையில் வாய் வைக்க ஏலாது. அதனால் எழுதுகிறேன். கோபம் வந்தால் எழும்பி நடந்துவிட்டு வா, ஆனால் கடைசிவரை வாசி. உனக்குத் தெரியாத ஒரு பகலைப் பற்றிச் சொல்லப்போகிறேன். நீ அந்த இடத்தில்தான் இருந்தாய். கைக்குழந்தையாக ஏணையில் கிடந்தாய்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன காலம் அது. அவர்கள் கழித்துவிட்ட பழைய சாமான்கள் ஊரெல்லாம் கைமாறிக்கொண்டிருந்தன. அப்பாவுக்குச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. உள்ளே போகப் பாஸ் வேண்டும், மடியில் தீப்பெட்டி இருந்தால் வாசலிலேயே பிடுங்கி வைப்பார்கள். அங்கே வேலை செய்கிறவன் மேல் ஒரு சின்னக் கறை விழுந்தாலும் பாஸ் போய்விடும், பாஸ் போனால் வேலை போய்விடும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் சைக்கிளில் ஒரு வளைந்த செம்புக் குழாயைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். எனக்கு அப்போது பீனிசம். குளிர் நாளில் மூக்கடைத்துத் தலை வெடிக்கும். நொச்சி இலையை அவித்து ஆவி பிடித்துத்தான் காலம் போனது. கிண்ணியாவில் இருந்து மருந்துச் சரக்கு விற்க வருகிற முஸ்லிம் காக்கா ஒருவர், "இலையாக் கொண்டு திரியிறது கரைச்சல் தங்கச்சி. எண்ணெயா வடிச்சுத் தந்தா வைத்தியம் செய்யிற பரியாரிமார் பறிச்சுக்கொண்டு போவினம்" என்று சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். அப்பாவிடம் குழாய் கேட்டு நச்சரித்தவள் நான்தான்.

முதலில் வடித்ததெல்லாம் சீத்துவக்கேடு. கிடாரத்தின் அடியில் தண்ணீர், அதற்கு மேல் ஓட்டைத் தட்டு, தட்டில் இலை, மூடியின் விளிம்புக்கு அரிசிமாவும் களிமண்ணும் குழைத்த பூச்சு. மூடியில் இருந்து புறப்படுகிற குழாய் பீப்பாத் தண்ணீருக்குள் சுற்றி மற்றப் பக்கம் வரும். கீழே நெருப்பு எரிந்தால் ஆவி இலைக்குள்ளால் ஏறி, எண்ணெயையும் தூக்கிக்கொண்டு போய், பீப்பாவுக்குள் குளிர்ந்து நீராய்ச் சொட்டும். எண்ணெய் மேலே மிதக்கும். இவ்வளவுதான் விஷயம் என்று நினைத்து, இலையை அடைந்து அடைந்து அமத்தினேன், விறகை அள்ளிப் போட்டேன். கண்டி றோட்டு வரைக்கும் நொச்சி மணந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டி மூச்சிழுத்துக்கொண்டு போவார்கள். எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. ஆனால் போத்தலில் எண்ணெய் இருந்தால்தானே? காக்கா வந்து காற்றை மோந்துவிட்டுச் சிரித்தார். "மணக்கிறதெல்லாம் நீ எனக்குத் தந்திருக்க வேண்டிய எண்ணெய், தங்கச்சி. அதைத் தெருவுக்குக் குடுத்துப்போட்டு எனக்கு வெறும் தண்ணியக் காட்டுற" என்றார்.

அந்தக் கதை என்னைக் குத்திவிட்டது. அன்றிலிருந்து ஒரு வெறி. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். இலையை வெயிலில் காயப் போட்டேன், எண்ணெய் குறைந்தது. பறித்த கையோடு போட்டேன், அதுவும் சரிவரவில்லை. நிழலில் பரப்பி வாட விட்டுப் போட்டபோது கூடியது. இலையை அமத்தினால் ஆவி ஒரு பக்கத்தால் வழி பிடித்துக்கொண்டு ஓடிவிடுகிறது, மற்றப் பக்கத்து இலை பச்சையாகவே கிடக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. பிறகு உதிர்த்துப் போட்டேன். பூச்சு வெடித்த இடமெல்லாம் திரும்பப் பூசினேன். நெருப்பைக் குறைத்தேன். பீப்பாத் தண்ணீர் சுடத் தொடங்க முன்னரே மாற்றினேன். எண்ணெய் ஏறிக்கொண்டே வந்தது, மணம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றால்கூட லேசாகத்தான் மணக்கும். நான் கண்ட வெற்றி அது. அதுவே எனக்கு வினையாகவும் வந்தது.

எப்படி என்று கேட்பாய். மணம் பரவியபோது ஊருக்கு நான் மருந்து வடிக்கிறவள். மணம் நின்றதும் ஊர் யோசிக்கத் தொடங்கியது. புகை வருகிறது, குழாய் இருக்கிறது, சொட்டுகிறது, ஆனால் நொச்சி மணக்கவில்லை. அப்படியானால் என்னத்தை வடிக்கிறாள்? சீனன்குடாவில் வேலை செய்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து போவதையும் இதோடு சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். யாரோ பேர் போடாமல் மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம் எழுதிவிட்டார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அன்று பகல் கிடாரம் நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அது எரிந்த கொட்டிலின் மற்றத் தொங்கலில், கூரை வளையில் கட்டிய ஏணையில் நீ நித்திரை. அப்பா வேலையில். ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறேன், கசிப்புப் பிடிக்கிற காக்கிக் காற்சட்டைக்காரர் வளவுக்குள் இறங்குகிறார்கள். அவர்களுக்குப் பெரியவர் தலை நரைத்த, மெலிந்த, தமிழ் ஆள். வந்ததும் குழாயைப் பார்த்தார், பீப்பாவைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார். ஒன்றும் மணக்கவில்லை.

"என்ன வடிக்கிறீங்கள்?"

"நொச்சி எண்ணெய் ஐயா."

"எங்க, எண்ணெயைக் காட்டுங்கோ."

காட்ட ஒரு சொட்டு இல்லை. இருந்ததையெல்லாம் அந்தக் கிழமைதான் காக்கா கொண்டு போயிருந்தார். சொட்டுகிற நீரைக் கரண்டியில் ஏந்தித் தீக்குச்சி வைத்துப் பார்த்தார்கள், கசிப்பென்றால் பற்றும். எரியவில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பெரியவர் அசையவில்லை. "இண்டைக்கு எரியேல்ல. நேற்று என்ன வடிச்சனீங்களோ ஆருக்குத் தெரியும்? இலையை மேல போட்டு மணத்தை மறைக்கிற ஆக்களையும் கண்டனான்" என்றார். கூட வந்தவர்களில் ஒரு தடித்த ஆள் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு மூடிப் பக்கம் போனார். பூச்சுக்குள் அதை விட்டு நெம்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கொதிக்கிற ஆவி முகத்தில் அடிக்கும். எண்ணெயும் சேர்ந்த ஆவி கீழே எரிகிற நெருப்பைத் தொட்டால் கிடுகுக் கொட்டில் ஒரு நொடியில் பற்றும். நீ அதே கொட்டிலுக்குள் கிடக்கிறாய்.

நான் கிடாரத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். முதுகு வெந்தது. "இப்ப திறக்க ஏலாது ஐயா. நெருப்புப் பிடிச்சிடும். பிள்ளை கிடக்கிறான்" என்றேன். திறக்க விடாமல் நிற்கிறவள் எதையோ ஒளிக்கிறாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அலவாங்கு பிடித்தவரும் அப்படித்தான் நினைத்தார். "விலகம்மா" என்று அதட்டினார். பெரியவர் ஏணையைப் பார்த்தார், நெருப்பைப் பார்த்தார், கையை உயர்த்தி அந்த ஆளை நிறுத்தினார். "சரி. எண்ணெய் எண்டால் எண்ணெய் வரத்தானே வேணும். என்ர கண்ணுக்கு முன்னால வரட்டும். பொழுது சாயுமட்டும் நிக்கிறன். வராட்டி இதெல்லாம் ஜீப்பில ஏறும், உங்கட மனிசனும் ஏறுவார்" என்றார்.

அப்பா ஏறுவார் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. விசாரணை என்ற ஒரு சொல் சீனன்குடா வாசலுக்குப் போனாலே போதும். பிறகு குற்றமில்லை என்று நிரூபித்தாலும் அந்தப் பாஸ் திரும்பி வராது. யாரோ சொல்லி அப்பா சைக்கிளை உதைத்துக்கொண்டு ஓடி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. வந்த கையோடு என்னைப் பக்கத்தில் இழுத்து, "திறந்து காட்டப்பா. இலை கிடக்கிறதைக் கண்டா விட்டிடுவினம். காலில விழுந்தெண்டாலும் கேப்பம்" என்றார். "இலையக் கண்டு நம்பமாட்டினம். அவரே சொல்லிப்போட்டார். எண்ணெய் வந்தாத்தான் தப்பலாம்" என்றேன். "வராட்டி?" என்றார். நான் குழாய் வாயடிக்குப் போய்க் குந்தினேன். நொச்சி கஞ்சத்தனமான இலை, தம்பி. ஒரு சாக்கு இலைக்குக் கரண்டியளவு கிடைத்தால் பெரிய காரியம்.

வந்ததோ பால் மாதிரி வெளிறிய நீர். எண்ணெய் பிரியவே இல்லை. ஏனென்று பார்க்கப் பீப்பாவுக்குள் கையை விட்டேன். சுட்டது. இவர்கள் வந்த பதற்றத்தில் தண்ணீர் மாற்ற மறந்துவிட்டேன். நெருப்பும் தன் பாட்டில் கூடி எரிந்திருக்கிறது. சூடாகவும் வேகமாகவும் வருகிற நீரில் எண்ணெய் கலங்கிப்போய்ப் பிரியாமல் கிடக்கும். அப்பா பின்னால் நின்று, "இன்னும் விறகு வை, கெதியா வரட்டும்" என்று அவசரப்படுத்துகிறார். நான் குனிந்து எரிகிற கட்டைகளை வெளியே இழுத்தேன். அலவாங்குக்காரர் கத்தினார், "ஐயா, நெருப்பை அணைக்கிறா! சாட்சியை அழிக்கப் பாக்கிறா!" பெரியவர் எழும்பி என் முன்னால் வந்தார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"நெருப்பைக் குறைக்கிறன் ஐயா. பீப்பாத் தண்ணியும் மாத்த வேணும். கிணத்தடிக்குப் போக விடுங்கோ."

"நாங்கள் கெதியா வரட்டும் எண்டு நிக்கிறம், நீங்கள் நெருப்பைக் குறைக்கிறீங்கள்."

"குறைச்சாத்தான் ஐயா வரும்."

எவ்வளவு பொய்யாகக் கேட்கும் என்று யோசித்துப் பார். எனக்கே என் குரல் பொய்யாகக் கேட்டது. அவர் கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டி வழிவிட்டார். அந்த நேரம் பார்த்து நீ எழும்பி வீரிட்டாய். எனக்குப் பால் கட்டி நெஞ்சு வலிக்கிறது. உன்னைத் தூக்கினால் வாளி பிடிக்க ஏலாது. வாளியை விட்டால் அப்பா ஜீப்பில். நான் உன் பக்கம் திரும்பாமல் கிணற்றடிக்கு நடந்தேன். திரும்பி வரும்போது உன் அழுகை நின்றிருந்தது. யார் ஏணையை ஆட்டுகிறார் என்று பார்த்தால், அலவாங்கைத் தூணில் சாத்திவிட்டு அந்தத் தடித்த ஆள் ஆட்டிக்கொண்டு நிற்கிறார். "பிள்ளை பசியில கத்துது" என்று என்னிடம் முறைத்தார். எனக்கு அவரை மண்வெட்டியால் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

அப்பாவும் வாளி எடுத்தார். பீப்பா குளிர்ந்தது, சொட்டு மெதுவானது. வெயில் வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. பால் நீர் இன்னும் பாலாகவே இருந்தது. கடைசியாக எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. முன்பொரு தரம் உப்புக் கரைத்த போத்தலைச் சரியாகக் கழுவாமல் வைத்தபோது எண்ணெய் கெதியாக மேலே வந்திருந்தது. ஏனென்று அப்போது எனக்குத் தெரியாது. நீதான் ரசாயனம் படித்துவிட்டு வந்து, உப்பு நீரைக் கனமாக்கி எண்ணெயை ஒதுக்கிவிடும் என்று விளக்கினாய். அன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தேன். வடிந்ததைக் கழுத்து ஒடுங்கிய போத்தலில் கழுத்துவரை ஊற்றி, குசினியில் இருந்து உப்பை அள்ளிக் கரைத்துவிட்டேன். "இதென்ன மருந்து போடுறீங்கள்?" என்றார் பெரியவர். "உப்பு ஐயா. நக்கிப் பாருங்கோ." அவர் உண்மையாகவே நக்கிப் பார்த்தார். பிறகு போத்தலைக் கதிரையில் வைத்து, எல்லாரும் அதைச் சுற்றி நின்றோம்.

கழுத்தடியில் முதலில் ஒரு நூல் மாதிரி மஞ்சள் தெரிந்தது. கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். பிறகு அது தடித்தது. சின்னச் சின்ன முத்துகள் கீழிருந்து கிளம்பி வந்து அதோடு ஒட்டின. பெரியவர் சுண்டுவிரலை விட்டுத் தொட்டு, புறங்கையில் தேய்த்து மோந்தார். அலவாங்குக்காரருக்கும் நீட்டினார். அவருக்கு நெடியில் கண்ணீர் வந்துவிட்டது. நான் நிலத்தில் குந்தியிருந்து ஏங்கி ஏங்கி அழுதேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலிப் பக்கம் போனார். பெரியவரின் மனைவிக்கும் தலையிடி வருமாம். அதைக் கேட்டு நான் அந்தப் போத்தலையே அவரிடம் நீட்டினேன். "இண்டைக்கு வேண்டாம். இண்டைக்கு வாங்கினா லஞ்சம். அரசாங்கக் கச்சேரியில போய் அனுமதி எடுத்து வையுங்கோ தங்கச்சி, பிறகு ஒருத்தரும் ஒண்டும் கேக்க ஏலாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்த அனுமதியைத்தான் இன்றுவரை நான் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன்.

தம்பி, அந்த மனிதர் என்ன பெரிதாகச் செய்துவிட்டார்? நின்றார். அவ்வளவுதான். அலவாங்கால் நெம்ப விட்டிருக்கலாம், சட்டம் அவர் பக்கம்தான். நெருப்பை இழுத்தபோது என்னைத் தள்ளிவிட்டிருக்கலாம், பார்த்தவர்கள் சரியென்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் என்னை நம்பினார் என்றும் நான் சொல்லமாட்டேன். நம்பாமலேயே நின்றார். அவர் நின்றதால் அப்பாவின் பாஸ் தப்பியது. பாஸ் தப்பியதால் நீ கொழும்புக்குப் போய்ப் படித்தாய். இன்றைக்கு அதே காக்கிக் காற்சட்டையை மாட்டப்போகிற நீ, தாயின் கிடாரத்தை ஒளிக்கச் சொல்கிறாய்.

ஒளிக்கமாட்டேன். ஒளித்து வைத்தால்தான் அது கசிப்புக் கிடாரம். பட்டப்பகலில் எரிகிறவரைக்கும் அது மருந்துக் கிடாரம். நீ உத்தியோகத்துக்கு வந்த கிழமை அது காணாமல் போனால் ஊர் என்ன சொல்லும்? மகன் வந்ததும் பதுக்கிவிட்டாள், அப்படியானால் இவ்வளவு காலமும் களவுதான் என்று சொல்லாதா? நீ சிரிப்புக்குப் பயப்படுகிறாய். சிரிப்பு ஒரு மாதம் இருக்கும், ஓய்ந்துவிடும். உன் கையில் வரப்போகிற அதிகாரம் ஓயாது. வெருகல் வரைக்கும் உனக்குப் பொறுப்பு என்று அப்பா சொன்னார். எத்தனை கொட்டிலுக்குள் நுழைவாய், எத்தனை பெண்கள் "இப்ப ஏலாது ஐயா" என்று முன்னால் வந்து நிற்பார்கள். அதில் பொய் சொல்கிறவர்கள்தான் கூடுதலாக இருப்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். கசிப்புக் குடித்துக் கண் போனவர்களை நானும் கண்டிருக்கிறேன், பிடிக்க வேண்டியதைப் பிடி. ஆனால் எது எதுவென்று தெரியுமட்டும் நில். அதற்கு மேல் உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தெரியாது.

உன் மேசைக்கு வரப்போகிற முதல் பெட்டிசமே என்னைப் பற்றியதாக இருக்கும். புது அதிகாரியைச் சோதித்துப் பார்க்க ஊருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. வந்தால் வேறு ஆளை அனுப்பித் தப்பப் பார்க்காதே. உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, உத்தியோக உடுப்புப் போட்டுக்கொண்டு, நாலு பேர் பார்க்க முன் வாசலால் நீயே வா. நான் உன்னை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். கேட்கிறதுக்கெல்லாம் பதில் சொல்வேன், தாயென்று ஒரு சலுகையும் கேட்கமாட்டேன். கிடாரம் கொதித்துக்கொண்டிருக்கும், மணக்காது, எண்ணெய் வரச் சுணங்கும். உன் ஆட்கள் உன் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நேரம் நீ நிற்பாயா, இல்லை வெட்கத்தில் மூடியை நெம்பச் சொல்வாயா? எனக்குத் தெரியாது. உன்னைப் பெற்று வளர்த்தும் எனக்கு அது தெரியவில்லை. அன்றைக்கு அந்த முன்பின் அறியாத மனிதருக்கு முன்னால் நின்றபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை, தம்பி.

அம்மா